வெடிக்காத தோட்டா

அத்தியாயம் 17

அந்தோணிராஜ் வருவதாகச் சொல்லியிருந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது. வாசலில் தண்ணீர் தெளித்த தெய்வநாயகி, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடி நின்றுவிட்டாள்.

மரக்காணத்து உப்பளங்கள் அந்த நேரத்தில் தரையாகத் தெரிவதில்லை. பாத்திக்குப் பாத்தி வானம் இறங்கிப் படுத்திருக்கும். வரப்பில் போகிறவர்கள் மேகத்தின் மேல் நடப்பதுபோல இருக்கும். முப்பது வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். ஆனால் இந்த நாலு மாதமாக, தான் நிற்பது மேலே இருக்கிற வானத்திலா, கீழே கிடக்கிற வானத்திலா என்று அவளுக்கே சில நேரம் குழம்பிப்போகிறது.

நாலு மாதமாக எல்லாமே அப்படித்தான். அடுப்புக்கு லைட்டரை அழுத்தினால் 'டிக்'. ஹாலில் சுவிட்சைத் தட்டினால் 'டிக்'. ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு திரும்பும்.

கார்த்திகை மாத அடைமழையில் அவள் கேட்ட சத்தம் அது.

உப்பள வேலைக்காரர்கள் குடியிருந்த தெருவில் அன்று இடுப்பளவு தண்ணீர். முப்பத்திரண்டு வீடு. தண்ணீரைக் கடலுக்கு வடியவிடாமல் குறுக்கே நின்றது அவள் கணவர் சக்கரபாணியின் உப்பளத்துக் கரை. அதை வெட்டினால், அந்தப் பக்கம் கீற்றால் மூடி வைத்திருந்த இரண்டு உப்பு அம்பாரங்களும் கரைந்துபோகும். "இன்னும் ஒரு நாள் பொறுங்க, மழை விட்டுடும்" என்றார் சக்கரபாணி. அவர் மகன் ராஜ்கமல் பொறுக்கவில்லை. விடியற்காலையில் மண்வெட்டியோடு போய், தனி ஆளாகக் கரையை வெட்டிவிட்டான். தெரு பிழைத்தது. ஒரு வருஷத்து உப்பு கடலுக்கே திரும்பிப் போனது.

சக்கரபாணி பீரோவைத் திறந்தார். அப்பா காலத்திலிருந்து லைசென்ஸோடு கைமாறி வந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. குடையைப் போட்டுவிட்டு தெய்வநாயகி பின்னாலேயே ஓடினாள். பத்தடி தூரத்தில் நின்ற மகனின் நெஞ்சுக்கு நேராக அதை நீட்டி, விசையை அழுத்தினார் சக்கரபாணி.

டிக்.

அவ்வளவு மழைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. ராஜ்கமல் அப்பாவை ஒருமுறை பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான். ஈரக் கைலியோடு மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறினான். குயிலாப்பாளையத்தில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்க்கிறான் என்று பிற்பாடு ஆராயி வந்து சொன்னாள். அன்று தண்ணீரில் கட்டில் மேல் பேரப்பிள்ளையோடு நின்றவள் அவள். போன் போட்டால் அம்மாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவான். மூன்றாவது வார்த்தைக்குள் லைன் போய்விடும்.

இப்போது தேர்தல் வந்துவிட்டது. லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சக்கரபாணி நின்றார்.

"அது ஏன் வெடிக்கல?"

சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். வேட்டியைக் காயப்போட்டபடி கேட்பார். யாரிடம் என்றில்லை. பூமீஸ்வரர் தடுத்துவிட்டார் என்று கோயிலில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வருவார், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் அதே கேள்வி.

தெய்வநாயகிக்கு அதற்குப் பதில் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும். இன்று துப்பாக்கியைப் பார்க்க வரப்போகிற மனிதர் அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதும் தெரியும்.

கோலம் ஏழு புள்ளியில் கோணலாக முடிந்தது.

*

அந்தோணிராஜ் ஒல்லியாக இருந்தார். விழுப்புரத்தில் போலீஸ் துப்பாக்கிகளை இருபத்தெட்டு வருஷம் பழுது பார்த்து ரிட்டயரான ஏட்டு. டிபன் கேரியர் பையிலிருந்து சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்து, ஜன்னலோர மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து அடுக்கினார்.

"முதல்லயே சொல்லிடறேன் ஐயா. ரிப்பேர் பண்ற லைசென்ஸ் என்கிட்ட கிடையாது. பார்த்து, இன்னது கோளாறுன்னு சொல்லுவேன். அதோட சரி."

"எனக்கும் அது போதும் அந்தோணி."

சக்கரபாணி எதிரே உட்கார்ந்தார். நாலு மாதத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

அந்தோணிராஜ் துப்பாக்கியை வாங்கி, சிலிண்டரை வெளியே தள்ளி, ஆறு அறையும் காலியா என்று முதலில் தான் பார்த்தார். சக்கரபாணிக்குக் காட்டினார். காபியோடு வந்து நின்ற தெய்வநாயகிக்கும் காட்டினார். ஆறு ஓட்டை வழியாகவும் ஜன்னல் வெளிச்சம் வந்தது. வெளியே பாத்தித் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"இது பாயிண்ட் டூ டூ. ரிம் ஃபயர்னு சொல்லுவோம். மத்த தோட்டாவுக்கு அடியில நட்டநடுவுல மருந்து இருக்கும். இதுக்கு அடி விளிம்பு இருக்குது பாருங்க, அந்த மடிப்புக்குள்ள சுத்திவர இருக்கும். பின்னாடி சுத்தியல் மாதிரி இருக்குதே, இந்த சுத்தி வேகமா வந்து விழணும். அது மூக்குல இருக்கிற ஊசி விளிம்பை நச்சுனு நசுக்கணும். நசுங்கினா வெடிக்கும். இல்லன்னா இல்ல. அன்னிக்குப் போட்ட தோட்டா இருக்குதுங்களா?"

சக்கரபாணி ஒரு பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். ஆறு தோட்டா உருண்டது. அதில் ஒன்றை எடுத்து அந்தோணிராஜ் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தார்.

"இதுதான். பல்லு இல்லாதவன் முறுக்கைக் கடிச்ச மாதிரி இருக்குது, பாருங்க."

விளிம்பில் மெல்லிய ஒரு கீறல். நகத்தால் கிள்ளினால் விழும் தடத்தைவிடச் சின்னது. அந்தக் கீறலுக்கு அந்தப் பக்கம்தான் தன் மகன் நின்றிருந்தான் என்று நினைத்ததும் தெய்வநாயகி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"பழைய தோட்டாதானேங்க? நமுத்துப் போயிருக்கும்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

"இருக்கலாம்மா. சிலதுல விளிம்பு முழுக்க மருந்து பரவாம ஒரு பக்கம் காலியா இருக்கும். அந்த இடத்துல அடி விழுந்தா வெடிக்காது. ஆனா அதைச் சொல்றதுக்கு முதல்ல அடி நல்லா விழுந்திருக்கணுமே? இங்க அடியே சரியா விழல."

"உப்புக் காத்து வேற. துரு ஏறியிருக்கும்."

சக்கரபாணி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் இவ்வளவு பேசுகிறவள் இல்லை.

அந்தோணிராஜ் பொறுமையாகப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொரு அறையையும் துடைத்தார். பழுப்பாக வந்தது. வேறு தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"அழுக்கு இருந்தா தோட்டா முழுசா உள்ள உக்காராது. அப்போ சுத்தி அடிக்கிற அடி, தோட்டாவை உள்ள தள்றதிலயே செலவாயிடும். இதுல எல்லாம் நல்லா உக்காருது. துரு மேலாப்புலதான்." தோட்டாக்களைத் திருப்பி எடுத்துவிட்டு, சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். ஊசிக்குக் கிட்டே கண்ணாடியைக் கொண்டுபோனார்.

கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெய்வநாயகிக்குக் கூரையில் நெளிந்த வெளிச்சம் சுவருக்கு இறங்கி, சுவரிலிருந்து தரைக்கு வந்து, தன் பாதத்தில் ஏறுவதுபோல் இருந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றவில்லை. இந்தப் பதினோரு வருஷத்தில் தினமும் ஒருமுறை மனசுக்குள் நடத்திப் பார்த்த காட்சி இது. இப்போது நிஜமாக நடக்கும்போது கனவைவிட அமைதியாக இருந்தது.

"ஊசி தேஞ்சிருக்கா?" என்றார் சக்கரபாணி.

"தேயல ஐயா." அந்தோணிராஜ் கண்ணாடியை மேஜையில் வைத்தார். "தேச்சிருக்காங்க. நுனி சமமா இல்ல, ஒரு பக்கமா சரிஞ்சிருக்குது. மெஷின்ல பண்ணது கிடையாது. கல்லுல, கையால, நிதானமா பண்ண வேலை."

"யாரு?"

அவர் அதை அந்தோணிராஜிடம்தான் கேட்டார். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"நான்தாங்க."

*

ராஜ்கமலுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது, உப்பளத்துக் கொட்டகையில் ஒரு செவலை நாய் ஒண்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் தன் பங்கு பிஸ்கட்டை அதற்குக் கொண்டுபோவான். ஒருநாள் அது புதிதாக உப்பு பூத்த பாத்தியில் குறுக்கே ஓடிவிட்டது. சக்கரபாணிக்கு அன்று காலையிலிருந்தே யார்மேலோ கோபம். வீட்டுக்குள் போய் ரிவால்வரை எடுத்துவந்து சுட்டார். வெள்ளைப் பாத்தியில் செவலை நாய். பையன் வரப்பில் பிஸ்கட்டோடு நின்றிருந்தான். அழவில்லை. மூன்று நாள் பேசவுமில்லை.

அதற்கு அடுத்த வாரம் தெய்வநாயகி தொடங்கினாள். சக்கரபாணி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அயர்ந்து தூங்குவார். பீரோ சாவி தலையணைக்கு அடியில். செத்துப்போன மாமனார் சவரக்கத்தி தீட்டுவதற்கு வைத்திருந்த விரல் அகலக் கல் ஒன்று அடுக்களைப் பரணில் கிடந்தது. தோட்டாவெல்லாம் டப்பாவில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள். சுத்தியைப் பின்னுக்கு இழுப்பாள். துளி எண்ணெய் விட்டு, அந்தச் சின்ன மூக்கில் கல்லைத் தேய்ப்பாள். வெளியே ஒரு காகம் கத்தினால் நிறுத்திவிடுவாள். பதினோரு மதியங்கள். கடைசி நாள் அவள் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தபோது, மூக்கு தட்டையாக இருந்தது.

இதையெல்லாம் அவள் இப்போது நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். குரல் தன்னுடையதாக இல்லை, பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல இருந்தது.

சக்கரபாணி எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. அந்தோணிராஜ் கை தானாக ரிவால்வரைத் துண்டோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

அவர் அவள் பக்கம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார்.

"ஐயா," என்று அந்தோணிராஜ் தொண்டையைச் செருமினார். "கணக்கு இன்னும் முடியல. இவ்வளவு தேச்சிருந்தாலும் அடி வேகமா விழுந்தா பாதிக்கு மேல வெடிக்கும். சுத்தியை இழுக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ரொம்ப இளக்கமா வருது."

கைப்பிடியின் இரண்டு பக்கக் கட்டையையும் கழற்றினார். உள்ளே வளைந்த பட்டையாக ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதை முன்பக்கமிருந்து அழுத்திப் பிடிக்கிற ஒரு ஸ்க்ரூ. அதன் தலையைக் காட்டினார்.

"இந்த ஸ்க்ரூதான் ஸ்பிரிங்குக்கு முறுக்கு. மூணு சுத்து வெளிய வந்திருக்குது. தானா கழண்டது இல்ல. அளவு சேராத டிரைவரைப் போட்டுத் திருகியிருக்காங்க, தலையில வழுக்கின தடம் தெரியுது பாருங்க. அம்மா, இதையும் நீங்கதான் பண்ணீங்களா?"

"இல்லீங்க." தெய்வநாயகி குனிந்து பார்த்தாள். "அப்படி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அது நான்."

சக்கரபாணி திரும்பாமலேயே பேசினார். "அந்த நாயைச் சுட்ட அன்னிக்கு சாயங்காலமே. ரேடியோ கழட்டற டிரைவரை வச்சுத் திருகினேன். பையன் மூஞ்சியைப் பார்த்தேன் அந்தோணி. அடுத்த தடவை கோவம் வந்தா என் கை யார் பக்கம் திரும்பும்னு எனக்கே தெரியல. வித்துத் தொலைச்சிருக்கலாம். அப்பா குடுத்தது, மனசு வரல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. என் கையை நானே நம்பலன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு வீட்டில், ஒரு பீரோவில், ஒரே இரும்பை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர். தெய்வநாயகி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அவள் பயந்து பயந்து பார்த்த மனிதர், அவளைப்போலவே அந்தப் பீரோவைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

"அதான் விஷயம்," என்றார் அந்தோணிராஜ் மெதுவாக. "ஊசி முழுசா இருந்து, ஸ்க்ரூ மட்டும் லூஸா இருந்திருந்தா அன்னிக்கு வெடிச்சிருக்கும். ஸ்க்ரூ டைட்டா இருந்து, ஊசி மட்டும் கட்டையா இருந்தாலும் வெடிச்சிருக்கும். ரெண்டும் சேர்ந்ததாலதான் வெடிக்கல."

சக்கரபாணி அப்போதுதான் திரும்பினார்.

"எனக்கு அதைக் கண்ணால பார்க்கணும்."

"ஐயா, வேணாமே."

"பார்க்கணும் அந்தோணி."

*

உச்சி வெயிலில் ஆட்கள் கஞ்சிக்குக் கரையேறிவிட்டிருந்தார்கள். இந்த வருஷத்துப் புது உப்பு ஆள் உயரத்துக்கு மேல் அம்பாரமாகக் குவிந்திருந்தது. வெயிலில் அதைப் பார்க்கவே முடியவில்லை. தூரத்தில் கானல் நீரும் நிஜத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து, அதில் பனைமரங்கள் தலைகீழாக நின்றன.

அந்தோணிராஜ் சுற்றும் முற்றும் இரண்டு முறை பார்த்துவிட்டு, இருவரையும் தனக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். கீறல் விழுந்த அதே தோட்டாவை, கீறல் படாத பக்கம் ஊசிக்கு வருமாறு திருப்பிப் போட்டார்.

"முதல்ல இருந்தபடியே."

அம்பாரத்தின் அடிவயிற்றைக் குறிவைத்து அழுத்தினார்.

டிக்.

தெய்வநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தோணிராஜ் கையை இறக்கவில்லை. குழல் உப்பைப் பார்த்தபடியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"என்னப்பா எண்ற?" என்றார் சக்கரபாணி.

"முப்பது வரைக்கும் எண்ணணும் ஐயா. சில தோட்டா உள்ளுக்குள்ள புகைஞ்சு லேட்டா வெடிக்கும். வெடிக்கலன்னு அவசரப்பட்டுத் திருப்பிப் பார்த்தவன் கண்ணு போயிருக்குது."

முப்பது. அந்த நேரத்துக்குள் உப்பளம் முழுக்கச் சத்தமே இல்லாமல் போனது. அடைமழையில் மகன் நின்ற அந்த நிமிஷத்துக்குள் அவள் மறுபடியும் போய் நின்றாள். அன்று யாரும் எண்ணவில்லை. நாலு மாதமாகத் தான் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தானோ என்று தோன்றியது. அது இன்னும் வெடிக்கலாம் என்றுதான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ?

"முப்பது," என்றார் அந்தோணிராஜ்.

தோட்டாவை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை மூன்று சுற்று உள்ளே திருகினார். அதே தோட்டாவை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டார். கட்டையான அதே ஊசி. அழுத்தினார்.

வெடித்தது.

பெரிய சத்தமில்லை. காய்ந்த மட்டை முறிந்ததுபோல ஒன்று. உப்பு அம்பாரத்தில் ஒரு சின்னக் குழி விழுந்து, அதைச் சுற்றி உப்பு பொலபொலவென்று சரிந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் தண்ணீரில் நின்ற பறவைகள் மொத்தமாக எழும்பி, ஒரு வட்டம் போட்டு, கானலுக்குள் கரைந்தன.

சக்கரபாணி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தோணிராஜ் துப்பாக்கியைக் காலிசெய்து துண்டில் சுற்றி வரப்பில் வைத்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

தெய்வநாயகி கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"ஏங்க. அன்னிக்கு அவன் முன்னாடி நீட்டும்போது, ஸ்க்ரூவைக் கழட்டி வச்சது ஞாபகம் இருந்துச்சா?"

அவர் அந்த உப்புக் குழியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இல்ல நாயகி. சுத்தமா ஞாபகம் இல்ல. 'டிக்'னு சத்தம் கேட்டப்புறம்கூட ஞாபகம் வரல. வீட்டுக்கு வந்து ஈர வேட்டியை மாத்தும்போதுதான் வந்துச்சு. அந்த ஸ்க்ரூ மட்டும் போதுமான்னுதான் நாலு மாசமா கேட்டுக்கிட்டிருந்தேன். போதாதுன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விசையை அழுத்திய கை. ஸ்க்ரூவைத் திருகியதும் அதே கைதான். எதற்காகப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. விட மட்டும் மனசில்லை.

"அவன்கிட்ட சொல்லணும்," என்றார்.

"சொல்லலாம்."

"இன்னிக்கே."

*

ஸ்டேஷனில் ரைட்டர் நம்பரைச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். "எலக்‌ஷன் ரிசல்ட் வந்ததும் வந்து வாங்கிக்கலாங்க."

"வேணாம் சார். லைசென்ஸையும் சேர்த்துத் திருப்பிக் குடுக்கறேன். மனு எழுதணும்னா சொல்லுங்க, இங்கயே எழுதறேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது சக்கரபாணிக்குக் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

பஸ் ஜன்னலில் கடல் வந்தது, போனது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு நீலக் கோடு, பிறகு மணல், பிறகு மறுபடியும் கோடு. கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து இப்படிப் பஸ்ஸில் போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று தெய்வநாயகி யோசித்தாள். பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, மேற்கே குயிலாப்பாளையத்துக்கு ஏறும் செம்மண் ரோட்டில் நடந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சைக்கிளில் போகிறபோக்கில் இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

பட்டறை முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தது. மூங்கில் தட்டிக் கேட். உள்ளே ராஜ்கமல் ஒரு கதவுப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். சுருள் சுருளாக மரச்சீவல் முழங்கால்வரை குவிந்திருந்தது. தாடி விட்டிருந்தான். இழைப்புளி நின்றது.

அவன் கேட்டுக்கு வந்தான். திறக்கவில்லை.

"என்னம்மா?"

"அப்பா ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு."

சக்கரபாணி கைகளை முன்னால் கொண்டுவந்து, விரித்து, மூங்கில் தட்டிமேல் வைத்தார்.

"அன்னிக்கு அது ஏன் வெடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சுடா."

சொன்னார். அந்தோணிராஜ் வந்ததை, கீறலை, அம்மா தேய்த்ததை, தான் திருகியதை. சுற்றிவளைக்காமல் சொன்னார். நாய் பேச்சு வந்தபோது ராஜ்கமல் தலையைத் திருப்பிக்கொண்டான். ஸ்க்ரூ பேச்சு வந்தபோது சட்டென்று திரும்பினான்.

"அப்போ, வெடிக்காதுன்னு தெரிஞ்சுதான் நீட்டினீங்களா?"

தாடிக்குள்ளிருந்து பன்னிரண்டு வயசுக் குரல் வந்தது.  ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் கேட் திறக்கும். சாயங்கால பஸ்ஸில் மூன்று பேராகத் திரும்பலாம். பொய் என்று யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியும். தான் சொல்லமாட்டாள். சொல்லிடுங்க என்று தெய்வநாயகி மனசுக்குள் கெஞ்சினாள். ஆமாம்னு சொல்லிடுங்க.

சக்கரபாணி மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்லடா. அது எனக்கு அப்போ ஞாபகமே இல்ல. வெடிக்கணும்னுதான் அழுத்தினேன்."

தட்டிமேல் வைத்த கைகளை அவர் எடுக்கவில்லை.

ராஜ்கமல் கொண்டியை நீக்கினான். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தான்.

"அம்மா, நீ உள்ள வா."

அவள் கணவரைப் பார்த்தாள்.

"போ," என்றார் அவர். "நான் இங்கதான் இருக்கேன்." ரோட்டோரம் கிடந்த ஒரு அறுத்த மரத்துண்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. கட்டில், மண்பானை, ஒரு மேஜை. பானையிலிருந்து அவன் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவளுக்குக் கொடுத்தான். அதை வாங்கிக் கீழே வைக்க இடம் தேடியபோதுதான் மேஜையில் அது கண்ணில் பட்டது. கருநீல அட்டை. பாஸ்போர்ட். அதற்குள் செருகியிருந்த தாளில், இங்கிலீஷ் எழுத்துக்களுக்கு நடுவே அவளால் படிக்க முடிந்தது ஊர் பெயரும் தேதியும்தான். மஸ்கட். ஏப்ரல் பதினொன்று.

இன்னும் பன்னிரண்டே நாள்.

"ராஜா, என்னடா இது?"

 அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டதைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தான். அங்கே வெயிலில் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்தபடி ஒரு வயசானவர் உட்கார்ந்திருந்தார்.

ராஜ்கமல் இன்னொரு டம்ளரை எடுத்தான். கழுவினான். பானைக்குள் விட்டு மொண்டான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையோ எண்ணுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அம்மாவைத் தாண்டி வெளியே போனான்.

தெய்வநாயகி பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மரச்சீவலின் மேல் அவன் காலடிச் சத்தம் தூரமாகிப்போனது. கேட் முழுசாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், நாலு மாதத்துக்குப் பிறகு மகன் அப்பாவிடம் கேள்வியாக இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை.

"தண்ணி."